தீச்சுவரும் வாயில்களும்

நகரங்களில் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுங்கால், அவற்றிற்கிடையே தீப்பற்றாத செங்கற்சுவர் ஒன்றை எழுப்புதல் மேலை நாடுகளில் நெடுநாளைய வழக்கம். ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால், அஃது அடுத்த வீட்டிற்குத் தாவாமல் அச்சுவர் தடுத்து நிறுத்தும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபயர்வால்' என்று பெயர். பிற்காலத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பெற்று உலகளாவிய வலையாக ஆனபொழுது, ஓரிடத்தில் தோன்றிய கேடு மற்றோரிடத்திற்குப் பரவும் அச்சம் அங்கும் எழுந்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு மாணவர் விடுத்த நிரல் ஒன்று, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு இணையமெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறச் செய்தது. அக்காலத்தை ஒட்டியே, வலையின் எல்லையில் நின்று வருவனவற்றையும் போவனவற்றையும் ஆராயும் காவற்பொறிகள் தோன்றின. பழைய பெயரே அவற்றிற்கும் வழங்கலாயிற்று. தமிழில் அதனைத் தீச்சுவர் என்கிறோம்.

ஆயினும் இப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. வீட்டுத் தீச்சுவரில் துளையே இருத்தலாகாது. கணினித் தீச்சுவரிலோ துளை இருந்தே ஆதல் வேண்டும். ஒன்றும் உட்புகாத கணினியால் பிறருக்குப் பயன் யாது? ஆதலால் அதனைக் கோட்டை மதிலுக்கு ஒப்பிடுவதே தகும். மதிலில் வாயில்கள் உண்டு; வாயிலில் காவலர் உண்டு; இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்னும் கட்டளையும் அக்காவலர் கையில் உண்டு.

கணினியின் வாயில்களைப் 'போர்ட்' என்பர். ஒவ்வொரு கணினிக்கும் அறுபத்தையாயிரத்திற்கு மேற்பட்ட வாயில்கள் உள. ஒவ்வொன்றிற்கும் எண் உண்டு. இவை கண்ணாற் காணத்தக்க துளைகள் அல்ல; வரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது என்பதைக் காட்டும் எண்களே. செய்தி பல சிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பொதியின் மேலும், அஞ்சல் உறையின்மேல் எழுதுவது போல, அனுப்பும் கணினியின் முகவரி, பெறும் கணினியின் முகவரி, வாயில் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தீச்சுவர் இவற்றைப் படித்தே, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்கிறது.

இனித் தரவுத்தளம் என்பதனைக் காண்போம். பெருந்தொகையான குறிப்புகளை வரிசையும் நிரலுமாக அட்டவணைகளில் வைத்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும் அமைப்பே தரவுத்தளம். இங்ஙனம் அட்டவணைகளாக வைக்கும் முறைக்குக் கணித அடிப்படை வகுத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1970-ஆம் ஆண்டில் அதனை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் வழியைப் பின்பற்றி எழுந்த மென்பொருள்களுள் 'போஸ்ட்கிரெஸ்' ஒன்று. அது 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழித்தோன்றல். இன்று எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. அது வேண்டுகோள்களை ஏற்பதற்குக் காத்திருக்கும் வாயிலின் எண் 5432. 'மைஎஸ்கியூஎல்' என்பதற்கு 3306. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் தரவுத்தளத்திற்கு 1433. தரவுத்தளம் குடிகொண்டு, பிற கணினிகளின் வேண்டுகோளுக்கு விடையளிக்கும் கணினியைச் சர்வர் அல்லது சேவையகம் என்பர்.

ஒரு நகரத்தில் குருதி வங்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எந்த வகைக் குருதி எத்தனைப் பை இருக்கின்றது, எந்நாளில் அது கெடும் என்பன போன்ற குறிப்புகள் அங்குள்ள சேவையகத்தில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனை ஒன்று, தன் கணினியிலிருந்தே அவ்விருப்பைப் பார்த்து, வேண்டியதை ஒதுக்கிக்கொள்ளும். ஒரு நாட்காலையில் மருத்துவமனைக் கணினி ஒன்றும் காட்டவில்லை. நெடுநேரம் காத்திருந்து, காலம் கடந்துவிட்டது என்னும் சொல்லோடு நின்றுவிட்டது. அறுவைக் கூடத்திலோ நோயாளி காத்திருக்கிறார்.

முதற்கண் செய்யத்தக்கது தொலைபேசியை எடுப்பது. குருதியின் இருப்பை வாயாற் கேட்டு அறிந்து, நோயாளிக்கு வேண்டியதை ஏற்பாடு செய்துவிட்டால், பின்னர்ப் பழுதை ஆர அமர ஆராயலாம். இதனைச் சொல்வது மிகையெனத் தோன்றலாம். ஆனால், பழுது நீக்குவோர் பதற்றத்தில் செய்யும் செயல்களே பழுதினும் பெருங்கேடாக முடிதலுண்டு. இத்தகைய வேளையில், "தீச்சுவரை முழுதும் எடுத்துவிட்டுப் பார்ப்போம், வேலை செய்கிறதா என்று தெரியட்டும்" என்று ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அவர் சொல்வது சோம்பலாலன்று; நோயாளியின்பாற் கொண்ட பரிவினால். எனினும் அவ்வழியை ஏன் கொள்ளலாகாது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு.

2003-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் 'ஸ்லாமர்' என்னும் புழு நிரல் இணையத்தில் பரவியது. அதன் அளவு 376 பைட்; இப்பத்தியைக் காட்டிலும் மிகச் சிறியது. மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்தின் துணை வாயிலாகிய 1434 வெளியுலகிற்குத் திறந்து கிடந்த கணினிகளைத் தேடித் தேடி அது புகுந்தது. தொடக்கத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை அதன் தொகை இருமடங்காயிற்று. பத்து நிமிடத்திற்குள், புகத்தக்க கணினிகளுள் பத்தில் ஒன்பது பங்கு அதற்கு ஆட்பட்டன. அவற்றின் தொகை ஏறக்குறைய 75,000. அமெரிக்காவில் வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளும் நின்றன. அப்புழு புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஆறு திங்களுக்கு முன்னரே அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. பலர் அதனை நிறுவியிருக்கவில்லை. மீண்டும் 2017 சனவரியில், 'மோங்கோடிபி' என்னும் தரவுத்தளங்கள் பல்லாயிரம் கடவுச்சொல்லின்றி இணையத்தில் திறந்து கிடப்பதைக் கண்ட தீயோர், உள்ளிருந்தவற்றை அழித்து, மீட்புப்பணம் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் வைத்துச் சென்றனர். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. இணையத்தின் எல்லா முகவரிகளையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் பொறிகள் இன்றும் உள. சோதனைக்கென்று சிறிது நேரம் திறந்த வாயிலும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது.

ஆகவே மதிலை இடிக்காமல் பழுதைக் காண வேண்டும். அதற்கு வழிகாட்டுவது தோல்வியே. கதவைத் தட்டியவனுக்கு என்ன மறுமொழி கிடைத்தது என்பதைக் கூர்ந்து நோக்கினால், அவன் எந்த வாயிலில் தடுக்கப்பட்டான் என்பது விளங்கும். மறுமொழி மூவகைப்படும்.

முதலாவது மௌனம். நம் கணினி, 'தொடர்பு கொள்ளலாமா?' என்று கேட்டு ஒரு பொதியை அனுப்புகிறது. விடை வாராவிடின் ஒரு நொடி கழித்து மீண்டும் அனுப்பும்; பின்னர் இரண்டு நொடி, நான்கு நொடி, எட்டு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே செல்லும். லினக்ஸ் இயங்கும் கணினி, இங்ஙனம் இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரம் முயன்ற பின்னரே கைவிடும். இந்த மௌனத்தின் பொருள், பொதி வழியில் எங்கோ ஓசையின்றி விழுங்கப்பட்டது என்பதாம். தீச்சுவர்கள் பெரும்பாலும் இங்ஙனமே செய்கின்றன. 'வராதே' என்று சொல்வதும் தான் அங்கிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவற்றின் கருத்து. முகவரி தவறாயினும், அக்கணினி அணைந்து கிடப்பினும் இதே மௌனம் நேரலாம்.

இரண்டாவது உடனடி மறுப்பு. பொதி அனுப்பிய மறுகணமே, 'தொடர்பு மறுக்கப்பட்டது' என்று விடை வரும். இதனைக் கண்டு சோர்வோர் பலர். மெய்யாக நோக்கின் இது நற்செய்தி. பொதி கணினியைச் சென்று சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த வாயிலில் விடைகூற எந்த நிரலும் அமர்ந்திருக்கவில்லை என்பதே இதன் பொருள். மௌனம் காக்காமல் மறுப்பு அனுப்பும் தீச்சுவர்களும் சில உண்டாதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாதெனினும், முதலில் ஐயுறத்தக்கது தரவுத்தள நிரலையே. போஸ்ட்கிரெஸை நிறுவியவுடன், அது தன் கணினிக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவி சாய்க்கும். 127.0.0.1 என்னும் முகவரி எந்தக் கணினிக்கும் தன்னையே குறிப்பது; அம்முகவரியில் மட்டும் காத்திருக்கும் நிரல், வெளியிலிருந்து வருவோருக்கு இல்லாததற்கு ஒப்பாகும். எந்த முகவரிகளில் செவி சாய்க்க வேண்டும் என்பதை அதன் அமைப்புக் கோப்பில் எழுதி, நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இக்குறை தீரும்.

மூன்றாவது, தரவுத்தளமே பேசி மறுப்பது. போஸ்ட்கிரெஸ் தன்னிடம் ஒரு வருவோர் பட்டியல் வைத்திருக்கிறது. எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்திற்கு வரலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாதவர் வரின், 'இம்முகவரிக்குப் பதிவு இல்லை' என்று முகவரியையும் பயனர் பெயரையும் சுட்டி அது மறுக்கும். கடவுச்சொல் தவறெனின் அதனையும் தனியே கூறும். இம்மறுப்பு எதுவாயினும், தீச்சுவர் குற்றமற்றது என்பது தெளிவு. அதற்குப் பின்னும் தீச்சுவரின் விதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பது, வீட்டினுள் தொலைந்த பொருளை வீதியில் தேடுவதாகும்.

நம் மருத்துவமனைக்கு நேர்ந்தது முதல்வகை மௌனம். விழுங்கிய இடம் எது? இதனை அறிய உள்ளிருந்து வெளியே நகர்தல் நன்று. குருதி வங்கி ஊழியர் ஒருவர், சேவையகத்திலேயே அமர்ந்து தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறார், திறக்கிறது. எனவே தரவுத்தளம் உயிரோடிருக்கிறது. பின்னர் அதே கட்டடத்திலுள்ள மற்றொரு கணினியிலிருந்து முயல்கிறார். அங்கும் விடை கிடைக்கிறது. எனவே நிரல் வெளிக்குரலுக்கும் செவி சாய்க்கிறது. 5432-ஆம் வாயிலைச் சேவையகத்தின் சொந்தத் தீச்சுவர் அடைக்கவில்லை. ஏனெனில் மதில் ஒன்றன்று. சேவையகத்தினுள் ஒன்றும், அலுவலக வலையின் எல்லையில் மற்றொன்றுமாக இரண்டு இருத்தல் வழக்கம். சேவையகத்தை மேகக்கணி நிறுவனத்தாரிடம் வாடகைக்கு எடுத்திருப்பின், அவர்களுடைய காவலும் சேர்ந்து மூன்றாதலும் உண்டு.

இதற்கிடையில் சிலர் 'பிங்' என்னும் கருவியை நாடுவர். அமெரிக்கரான மைக் மூஸ் 1983-ஆம் ஆண்டு திசம்பரில் எழுதியது அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். 'இருக்கிறாயா?' என்று அது கேட்க, மறுகணினி 'இருக்கிறேன்' என்று சொல்லும். பயனுள்ள கருவியே, ஆனால் அதனை அளவிற்கு மீறி நம்புதல் ஆகாது. பிங்குக்கு விடை தரும் கணினி 5432-ஐ அடைத்து வைத்திருக்கலாம். பிங்கைத் தடுத்த கணினி 5432-ஐத் திறந்து வைத்திருக்கலாம். தெருக்கோடியில் நின்று ஊரை அழைப்பதால் ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கிறதா என்று அறிய முடியாதன்றோ? அந்த எண்ணுள்ள வாயிலையே தட்டிப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. வரும் பொதிகளை ஒளிந்திருந்து பார்க்கும் 'டிசிபிடம்ப்' என்னும் கருவியைச் சேவையகத்தில் இயக்கி வைத்து, மருத்துவமனையிலிருந்து முயலச் சொல்லுகிறார் ஊழியர். ஒரு பொதியும் வந்து சேரவில்லை. இவ்வொரு செய்தியால் ஐயம் பாதியாகக் குறைந்துவிட்டது. பொதி சேவையகத்தை அடையுமுன்னரே தடுக்கப்படுகிறது. உடனே அவர் எல்லைத் தீச்சுவரின் பதிவேட்டைத் திறக்கிறார். மருத்துவமனை முயன்ற அதே மணித்துளியில், 5432-ஐ நாடி வந்த பொதிகள் வீழ்த்தப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அவை வந்த முகவரி அவர் அறிந்த மருத்துவமனை முகவரியன்று. தொலைபேசியில் வினவியபொழுது உண்மை வெளிப்படுகிறது. முதல்நாள் மாலையில் மருத்துவமனையார் தம் இணையச் சேவை நிறுவனத்தை மாற்றியிருக்கின்றனர். அதனோடு முகவரியும் மாறிவிட்டது. காவலன் தன் கடமையைச் செம்மையாகவே செய்திருக்கிறான். அவன் கையிலிருந்த சீட்டுத்தான் பழையது.

புதிய முகவரியை விதியில் எழுதினால் போதும். ஆயினும் எழுதும் இடத்தைக் கருதுதல் வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் தீச்சுவர், விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்துவதன்படி நடந்துவிடும். 'ஏனைய யாவற்றையும் தடு' என்னும் விதிக்குக் கீழே எழுதிய அனுமதி, என்றும் படிக்கப்படாமலே கிடக்கும். நம் ஊழியர் அதற்கு மேலேயே எழுதினார். மருத்துவமனை மீண்டும் முயன்றது, மீண்டும் தோல்வி! ஆனால் இம்முறை இரண்டு நிமிட மௌனம் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது: அம்முகவரிக்குப் பதிவு இல்லை என்று போஸ்ட்கிரெஸே பேசியது. 'மறுபடியும் வேலை செய்யவில்லை' என்று மட்டும் தொலைபேசியில் கேட்டறியும் ஒருவர், தாம் செய்த திருத்தம் பயனற்றதென எண்ணி அதனை அழித்துவிடக்கூடும். தோல்வியின் சொற்களைக் கேட்டவரோ, முதல் மதிலைக் கடந்தாயிற்று, இரண்டாம் வாயிலில் நிற்கிறோம் என்று அறிவார். தரவுத்தளத்தின் வருவோர் பட்டியலிலும் பழைய முகவரியே இருந்தது. அதனையும் திருத்தி, பட்டியலை மீண்டும் படிக்குமாறு நிரலுக்கு ஆணையிட்ட பின்னர் மருத்துவமனைத் திரையில் குருதியின் இருப்புத் தோன்றியது.

இங்ஙனம் முகவரியை நம்பிக் காவல் புரிவதில் ஒரு குறை உண்டு. முகவரி மாறுந்தோறும் இத்தொல்லை நேரும். வேறொரு வழியும் இருக்கிறது. கோட்டைகளில் சுரங்கவழி அமைப்பது போல, கணினிகளுக்கிடையே மறைவழி அமைக்கலாம். 1995-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வலையில், செல்லும் கடவுச்சொற்களை யாரோ ஒற்றறிந்து திருடினர். அங்கிருந்த தாத்து ஊலேனன் என்பார், பேச்சு முழுவதையும் பிறர் அறியாவாறு மறைத்தனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறையை அதன்பின் ஆக்கினார். அதன் வாயில் எண் 22. மருத்துவமனைக் கணினி அவ்வாயில் வழியாகச் சேவையகத்தை அடைந்து, தன்னிடம் உள்ள மறைதிறவுகோலால் தான் இன்னார் என மெய்ப்பிக்கும். அதன்பின் தரவுத்தளத்திற்குரிய பொதிகள் யாவும் அந்த மறைவழிக்குள்ளேயே செல்லும். மறுமுனையில் அவை வெளிப்படுங்கால், சேவையகத்திற்குள்ளிருந்தே வந்தனவாகத் தரவுத்தளத்திற்குத் தோன்றும். ஆதலால் 5432-ஐ வெளியுலகிற்குத் திறக்கவே வேண்டா, தரவுத்தளம் 127.0.0.1-இல் மட்டும் செவி சாய்த்துக்கொண்டு இருக்கலாம். பலர் நாள்தோறும் வந்து போகும் அலுவலகமாயின், 'வி.பி.என்.' எனப்படும் பெரிய மறைவழி தகும்.

சுரங்கவழி எங்கெங்கே உளது என்பது கோட்டைத் தலைவனுக்குத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. முன்னர்க் கூறிய ஸ்லாமர் புழு, அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திற்குள்ளும் புகுந்தது. அந்நிலையத்தின் தீச்சுவர் 1434-ஐ அடைத்தே வைத்திருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலையிலிருந்து நிலையத்தின் வலைக்குத் தனிக்கம்பி ஒன்று, தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு சென்றது. புழு அவ்வழியே வந்தது. நிலையத்தின் பாதுகாப்பு நிலையைக் காட்டும் கணினித் திரை ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகச் செயலற்றிருந்தது. அணு உலை அவ்வேளையில் இயங்காதிருந்தமையால் பெருந்தீங்கு நேரவில்லை.

குருதி வங்கியின் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. எல்லாம் சீராகிய பின்னரும், சில நாள்களில், நண்பகல் உணவு முடித்துத் திரும்பும் மருத்துவமனை ஊழியர், திரை உறைந்து கிடப்பதைக் காணக்கூடும். காலையில் நன்றாக இருந்தது, விதியும் மாறவில்லை, பட்டியலும் மாறவில்லை. இது வேறு வகை நோய். தீச்சுவர் தன்வழியே நடைபெறும் ஒவ்வோர் உரையாடலையும் நினைவில் வைத்திருக்கும். நெடுநேரம் பேச்சில்லாத உரையாடலை, முடிந்ததெனக் கருதி மறந்துவிடும். இரு முனைகளிலுள்ள கணினிகளுக்கோ அது தெரியாது. தொடர்பு இருப்பதாகவே எண்ணிப் பொதியை அனுப்ப, அறியாதவனிடமிருந்து வந்ததாகக் கருதித் தீச்சுவர் அதனை வீழ்த்தும். தொடர்பு உயிரோடிருக்கிறதா எனச் சோதிக்கும் சிறு பொதியை லினக்ஸ் கணினி அனுப்புவது, வேறு ஏற்பாடு இல்லையெனின், இரண்டு மணி நேரம் பேச்சற்றிருந்த பின்னரே. தீச்சுவரின் நினைவு பெரும்பாலும் அவ்வளவு நீண்டதன்று. போஸ்ட்கிரெஸின் அமைப்பில் அவ்விடைவெளியை அறுபது நொடியாகக் குறைத்து வைத்தால், உணவு வேளையிலும் இரு கணினிகளும் நிமிடத்திற்கு ஒருமுறை ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். தீச்சுவரும் அவற்றை மறவாது.